கொடிகளுக்குக் கஞ்சி போட்டது பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. நீங்களும் என் மகளும் நல்ல சுகத்தோடும் வேளைக்குச் சாப்பாட்டோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகச் செய்தி வந்திருக்கிறது என்று தெரிகிறது. ஆகவே அதைப் புதிதாக எழுதப் போவதில்லை. வந்த செய்தியைத் திருத்தப் போகிறேன்.

கார் ரேஸ் நடந்துகொண்டிருந்தபோது நான் விளக்குமாறும் கையுமாக நடுரோட்டில் இறங்கிப் பெருக்கினேன் என்றும், பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும், ஆகவே எனக்கு நினைவு தப்பிவிட்டது என்றும் குடும்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். ரேஸ் கார்களுக்கு ஹாரன் கிடையாது. நான் பெருக்கியது நடுரோடும் அல்ல, வளைவின் உள்ளோரம். கார்கள் உரசிக்கொண்டு போவது அந்த உள்ளோரத்தைத்தான். நினைவு தப்பிய ஒருத்தி அதை அறிந்து அங்கே முதலில் பெருக்க மாட்டாள். பெருக்கியது மட்டும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டவர் என் நாத்தனார். கீழே "பாவம், அண்ணி" என்று எழுதி, அழுகிற முகம் ஒன்றையும் வைத்திருக்கிறார். என் கணவர் இருந்த காலத்தில் அவருடைய தங்கை என்னை ஒரு நாளும் பாவம் என்று நினைத்ததில்லை. அண்ணி கர்வக்காரி, இஸ்திரி போடாத கைக்குட்டையைத் தொட மாட்டாள் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். கர்வம் என்றாலாவது நான் அவருக்குச் சமமாக நிற்க முடிந்தது. பாவம் என்றால் உட்கார நாற்காலி போடுகிறார்கள்.

அந்த நாற்காலியைத்தான் நீங்கள் போட்டிருக்கிறீர்கள். வீடியோ வந்த அன்று மாலையே என் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அவர் மாசக் கடைசியில வேன் கொண்டு வராராம். உன்னையும் சாமானையும் இங்க கொண்டுவந்துட்டு அந்த வீட்டைப் பூட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டார். உனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சாச்சும்மா."

"முடிவு பண்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாரா?"

"அவர் சொன்னா சொன்னதுதான்மா."

"சரி, சொல்லட்டும். நீ ஏண்டி அழற?"

அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். உங்கள் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. மாமியாரை வீட்டோடு வைத்துக்கொள்ள வேன் பிடிக்கிற மாப்பிள்ளைகள் மலிந்து கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து மதிப்பிடும் உத்தியோகத்தில் இருப்பவர். நொறுங்கிய காரைப் பக்கத்து வீட்டுக்காரர் காட்டி, "ஓட்டினவர் தூங்கிட்டார் சார்" என்றால் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? இடத்தைப் பார்ப்பீர்கள், சம்பந்தப்பட்டவரைக் கேட்பீர்கள். சம்பந்தப்பட்டவள் நான். என் வாக்குமூலம் இதோ. வேனுக்குச் சொல்லும் முன் முழுவதும் படியுங்கள்.

இதெல்லாம் தொடங்கியது கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞர் என் வாசல் மணியை அழுத்திய நாளில். மணியை ஒரு தடவை அழுத்தினால் போதும் என்பதை முதலில் அவருக்குச் சொல்லவேண்டி இருந்தது.

"சாரி ஆன்ட்டி. ஒரு சந்தோஷமான விஷயம். இந்த சீசனோட முதல் ரேஸ் நம்ம ஊர்லதான். உங்க வாசல் வழியாவே போகுது!"

"யாரைக் கேட்டு?"

"மாநகராட்சியைக் கேட்டுத்தான் ஆன்ட்டி. மூணே நாள். அப்புறம் சுவர், கம்பி எல்லாத்தையும் எடுத்துட்டு ரோட்டைப் பழையபடி குடுத்துடுவோம்."

"பழையபடி வேண்டாம். அந்தப் பள்ளத்தை மூடிக் குடுங்க."

மூடினார்கள். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எத்தனையோ கடிதம் எழுதியும் மூடாத பள்ளத்தை ரேஸ்காரர்கள் ஒரே காலையில் மூடினார்கள். தெரு முழுக்கப் புதுத் தார் போட்டு, இரண்டு பக்கமும் இடுப்பளவு கான்கிரீட் சுவரை அடுக்கி, அதன்மேல் கம்பி வலை கட்டினார்கள். மருந்துக்கடை மூலை என்று எல்லோரும் சொல்லிவந்த என் வீட்டு மூலைக்கு ஏழாம் வளைவு என்று பெயர் வைத்தார்கள். சுவர் எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் அவ்வளவு மோசம் இல்லை.

சுவரில் ஒரே ஓர் இடைவெளி விட்டார்கள், அது என் கேட்டுக்கு நேராக. வளைவில் ஏதாவது ஆனால் ஆட்கள் போய்வர வழி வேண்டுமாம். எதிரே நிற்கும் பாங்க் கட்டடத்தின் உயரத்தால் அவர்களுடைய வயர்லெஸ் அந்த மூலையில் மட்டும் வேலை செய்யவில்லை. ஆகவே பழைய மாதிரி ஒயர் வைத்த டெலிபோன் ஒன்றை இழுத்து என் போர்ட்டிகோவில் வைக்க அனுமதி கேட்டார்கள். எழுத்தில் கேட்டார்கள். கொடுத்தேன். வாழ்நாளில் பாதியை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராகக் கழித்தவள் வீட்டில் ஒயர் போனுக்கு இடம் இல்லை என்று சொல்ல முடியுமா? அதன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். நல்ல கனம். இப்போது வருகிற போன்கள் எல்லாம் பிஸ்கட் மாதிரி இருக்கின்றன.

ஏழாம் வளைவுக்கு இரண்டு மார்ஷல்கள் வந்தார்கள். ரோட்டோரம் கொடியோடு நின்று, ஓட்டுகிறவர்களுக்கு அபாயம், நில், போ என்று காட்டும் தொண்டர்களுக்கு அப்படிப் பெயர். ஒருவர் பல் டாக்டர், ஒல்லி, பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பவர். மற்றவர் அவருடைய மனைவியின் அண்ணன். டாக்டர் அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் தெரு முழுக்க அவர் மச்சான் ஆனார். டாக்டருக்குக் கொடி, மச்சானுக்கு டெலிபோன் என்று ஏற்பாடு. நல்ல மனிதர்கள். ஆனால் வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டம் முடிந்ததும் கொடிகளை ஒரு பையில் சுருட்டித் திணித்து, "காலையில வந்து எடுத்துக்கறோம்மா" என்று என் போர்ட்டிகோ பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பையைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது என்பீர்கள். என் வீட்டுக்குள் வந்த துணி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க எனக்கு உரிமை உண்டு. மஞ்சள் கொடியில் எண்ணெய்க் கறை. வெள்ளைக் கொடியை வெள்ளை என்று சொல்ல வாய் வராது. பச்சைக் கொடியில் யாரோ கை துடைத்திருக்கிறார்கள். அத்தனை லட்சத்தைக் கொட்டி ரேஸ் நடத்துகிறவர்கள் உலகத்துக்கு முன்னால் காட்டுகிற துணி இது! கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கண்ணில் பட்டிருந்தால் ரேஸையே ரத்து செய்திருப்பார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. துவைத்தேன். சிவப்பைத் தனியாக ஊறவைத்து, மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் விடுகிறதா என்று பார்த்து, பிறகுதான் துவைத்தேன். கஞ்சி போட்டு, விடிந்ததும் மாடி பால்கனிக் கயிற்றில் கிளிப் மாட்டி வரிசையாகக் காயப்போட்டேன். மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளை. கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

என் பால்கனி வளைவுக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதை நான் அறிவேன். கார்கள் இவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை எனக்கு யாரும் எழுத்தில் தெரிவிக்கவில்லை.

முதல் கார் பெரும் இரைச்சலோடு தெருவுக்குள் நுழைந்தது. அதை ஓட்டியவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அபாயம், போ, பின்னால் வருபவருக்கு வழி விடு, உடனே நில், முன்னால் மெதுவான வண்டி என்று ஐந்து உத்தரவுகளும் ஒரே கயிற்றில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பாவம், அவர் கீழ்ப்படிதலுள்ள பிள்ளை. நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றார். கொஞ்ச நேரத்தில் சீசனில் ஓடப்போகிற அத்தனை கார்களும் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி என் வீட்டு வாசலில் வரிசையாக நின்றன. கேட்டுக்கு வெளியே டாக்டர் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். டெலிபோன் அடித்தது. மச்சான் எடுத்தார். எதிர்ப்பக்கம் கட்டுப்பாட்டு அறை. மாடியிலிருந்த எனக்கே அதன் குரல் கேட்டது.

"ஏழுல என்ன கொடிய்யா காட்டறீங்க?"

"எல்லாமே சார்."

"எல்லாமேன்னா?"

"எங்ககிட்ட இருக்கற அத்தனையும் சார்."

"எதுக்கு?"

மச்சான் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவான குரலில் சொன்னார்: "காயறதுக்கு சார்."

டாக்டர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். "அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், எடுங்கம்மா." இன்னும் ஈரம் இருக்கிறது, இப்போது மடித்தால் கோடு விழும் என்றேன். "கோடு விழட்டும்மா! என் தலையே விழப்போகுது!" என்றார். எடுத்தேன். கார்கள் கிளம்பின. ஆகவே நான் ரேஸை நிறுத்தினேன் என்று நாத்தனார் பரப்பும் இரண்டாவது செய்தியையும் இங்கே திருத்துகிறேன். அது ரேஸ் அல்ல, சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டம். நிறுத்தியதும் நான் அல்ல. துணி காயப்போட்டது நான். நிறுத்தியது அவர்கள்.

கஞ்சி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டேன். டாக்டர் மஞ்சள் கொடியை வீசினால் அது வீசவில்லை. தட்டு மாதிரி விறைப்பாக நின்றது. மச்சான், "என்ன டாக்டர், பரிமாறப் போறீங்களா?" என்று கேட்டதற்கு டாக்டர் சொன்ன பதிலை நான் எழுத மாட்டேன். சாயங்காலம் அட்டைக்காரர் வந்து, "நாளைக்கு மெயின் ரேஸ் ஆன்ட்டி. ஜன்னல் எல்லாம் மூடிட்டு, உள்ள, டிவியில பாருங்க. உங்க வாசல்தான், டிவியில இன்னும் நல்லாத் தெரியும்" என்று, காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு உருண்டைகள் ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். அவமானப்படுத்துவதைக்கூட இவ்வளவு பணிவாகச் செய்யப் பழகியிருக்கிறார்கள். பஞ்சு எனக்கு வேண்டாம் என்று மறுநாள் மச்சானிடம் கொடுத்துவிட்டேன். இதை நினைவில் வையுங்கள், விபத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை. ரேஸுக்கு முன்னால் போர்ட்டிகோப் படிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். முந்தின இரண்டு நாளும் பூட்ஸ் கால்கள் ஏறி இறங்கிய படி. உலகமே பார்க்கப்போகிற வாசல். கழுவியது உண்மை. "ஈரமா இருக்கு, பார்த்து வாங்க" என்று நான் உரக்கச் சொன்னதும் உண்மை. மச்சான் காதில் பஞ்சு வைத்திருந்தார். மேல்படியில் தொடங்கிக் கீழ்ப்படி வரை வந்து உட்கார்ந்தார். கணுக்கால் உடனே வீங்கிவிட்டது.

"பல்லு ஏதாவது ஆடுதா?" என்று டாக்டர் ஓடி வந்தார்.

"கால் டாக்டர், கால்! உங்களுக்குத் தெரியாத பக்கம்!"

அவரை உள்ளே தூக்கிவந்து சோபாவில் உட்காரவைத்து, காலை ஸ்டூல்மேல் நீட்டி ஐஸ் வைத்தோம். அதற்குள் ரேஸ் தொடங்க நேரமாகிவிட்டது. தெருக்கள் அடைபட்டிருந்ததால் வேறு ஆள் வந்து சேர வழியில்லை. டெலிபோன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்தார். எடுத்தவுடன் வாயைப் பார்க்கிற மனிதர் முதல் தடவையாகக் கண்ணைப் பார்த்தார்.

"அம்மா, அடிச்சா எடுத்து, ஏழு, ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லுவீங்களா?"

"ஒண்ணு இருந்தா?"

"இருந்தா... இருக்காதும்மா."

கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, அந்தக் கார்கள் கிளம்பிய சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. தரை வழியாக வந்து நாற்காலியில் ஏறி, என் முதுகெலும்பில் உட்கார்ந்தது. அட்டைக்காரர் சொன்னது தவறு, டிவியில் இது வராது. ஒவ்வொரு சுற்றும் வளைவைத் திரும்பியபோது என் கேட்டு நடுங்கியது. நடுவே கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. "ஏழு, ஒன்றுமில்லை" என்றேன். கேட்டவர் கொஞ்சம் தயங்கி, "சரிங்க மேடம்" என்றார். மேடம் என்று யாரும் என்னைக் கூப்பிட்டு நாளாகிவிட்டது.

பாதி ரேஸ் முடிந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வளைவை அகலமாகத் திரும்பி, சுவரில் இடித்து, ஒரு சக்கரம் கோணலாகி, வளைவு முடிகிற இடத்தில் குறுக்காக நின்றுவிட்டது. உடைந்த துண்டுகள் ரோடெல்லாம் சிதறின. பின்னால் வருகிறவர்களுக்கு வளைவைத் திரும்புகிற வரை அது தெரியாது. டாக்டர் விறைத்த மஞ்சள் கொடியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் போனை எடுத்தேன்.

"ஏழாம் வளைவு. வெள்ளைக் கார் ஒன்று சுவரில் மோதி, வளைவு முடியுமிடத்தில் குறுக்கே நிற்கிறது. ஓட்டுகிறவர் உள்ளே இருக்கிறார், கை அசைகிறது. ரோட்டில் துண்டுகள் கிடக்கின்றன."

"யாரு பேசறது?"

"அது அப்புறம். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னார். ஒரு சொல் விடாமல் சொன்னார். உடனே பாதுகாப்புக் காரை ரோட்டில் இறக்கினார்கள். அது முன்னால் மெதுவாகப் போகும், முந்தாமல் எல்லோரும் அதன் பின்னால் போக வேண்டும். எங்கள் எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: கேட்டதைத் திருப்பிச் சொல், பிறகு இணைப்புக் கொடு. பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. என் குரல் நடுங்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ரிசீவரைத் தலைகீழாக வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது, அதையும் பதிவு செய்கிறேன்.

காரிலிருந்து இறங்கியவரை டாக்டர் கேட்டு வழியாக உள்ளே கூட்டிவந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால், ஒரு பெண். என் மகள் கல்யாணத்தின்போது இருந்த வயதுதான் இருக்கும். எங்கும் அடி இல்லை. போர்ட்டிகோவுக்குள் கால் வைக்கும் முன், "ஷூவைக் கழட்டும்மா" என்றேன்.

"கை நடுங்குது ஆன்ட்டி. முடியல."

உங்களுக்கு என் முழங்கால்களைப் பற்றித் தெரியும். கீழே விழுந்த சாவியைக்கூட நான் குனிந்து எடுப்பதில்லை, பிறர் எடுத்துத் தரக் காத்திருப்பேன். அன்று படியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் ஷூவை நானே கழற்றினேன். யாரும் சொல்லவில்லை, எப்படிக் குனிந்தேன் என்றும் தெரியவில்லை. அதற்குள் மீட்பு வண்டி வந்து வெள்ளைக் காரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. வாசலில் டாக்டர் கூப்பிட்டார்.

"அம்மா, பெருக்கணும்! எங்க பிரஷ் போன இடம் தெரியல. விளக்குமாறு இருக்கா?"

இருந்தது. கொடுத்தேன். அவர் அதைப் பல் துலக்குகிற மாதிரி பிடித்தார். ஒரு துண்டை ஓரத்துக்குத் தள்ளி, இரண்டு துண்டை உள்ளே இழுத்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போனை எடுத்து, "ஏழு. ரோட்டைப் பெருக்க அனுமதி உண்டா?" என்று கேட்டேன். கட்டுப்பாட்டு அறை, "உண்டு, வேகமா முடிங்க. ஒரு சுற்று மெதுவா வர்ற வரைக்கும் டைம் இருக்கு" என்றது. யார் பெருக்குவது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டரிடமிருந்து விளக்குமாற்றை வாங்கி, கொடியை அவர் கையில் கொடுத்து, "நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். உள்ளோரம் முழுக்கச் சுத்தமாகப் பெருக்கி, முறத்தில் அள்ளி, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற பிறகுதான் கார்கள் வந்தன. பாதுகாப்புக் காரை ஓட்டியவர் கையை உயர்த்தினார். நான் முறத்தை உயர்த்தினேன்.

இதுதான் பாங்க் மாடியிலிருந்து எவரோ எடுத்த வீடியோ. முழு வீடியோவில் எனக்குப் பின்னால் கொடியோடு டாக்டர் நிற்கிறார், இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது, ரோடு காலியாக இருக்கிறது. நாத்தனார் இடது பக்கத்தை வெட்டிவிட்டார். கார் சத்தம் வேறு இடத்திலிருந்து ஒட்டப்பட்டிருக்கிறது, ஹாரனோடு. இடது பக்கத்தை வெட்டினால் யாரும் தனியாகத்தான் நிற்பார்கள் மாப்பிள்ளை.

உள்ளே வந்தபோது அந்தப் பெண் சோபாவின் ஒரு முனையில், மச்சானின் ஐஸ் வைத்த காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முதல் வருஷமாம், முதல் ரேஸாம். "எல்லாம் போச்சு ஆன்ட்டி" என்றாள். நான் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்பது என் மகளுக்குத் தெரியும். மச்சான்தான் சொன்னார்.

"ஏம்மா, இது சீசனோட முதல் ரேஸு. அழறதுக்கு இன்னும் எவ்வளவோ ரேஸ் இருக்கு. இப்பவே எல்லாத்தையும் அழுது தீத்துடாத."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ரொட்டியை வெட்டினேன். உங்கள் மாமனார் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு தட்டுக்கு மேல் எடுத்தது அன்றுதான். என் ஓட்டம் முடிந்துவிட்டது, இனி வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்த வேண்டியதுதான் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அதில் உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குத் தோன்றுவது மாறிவிட்டது, அதைத் தெரிவிக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போகும்போது அந்தப் பெண் சொன்னாள், சனிக்கிழமை அத்தனை வளைவிலும் ஏழாம் வளைவின் மஞ்சள் கொடிதான் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்ததாம், மற்றதெல்லாம் சுருண்டு கிடந்ததாம். டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே என் நிலைமை இதுதான். எனக்கு நினைவு தப்பவில்லை. நான் தனியாக இல்லை. டாக்டரும் அவர் மனைவியும் வந்துபோகிறார்கள். மச்சான் கால் தேறியும் அந்தச் சோபாவை விட்டபாடில்லை. வீட்டைப் பூட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அதோடு என் பக்கத்திலிருந்து உறுதியும் தருகிறேன்: ரேஸ் என்ற இரைச்சல் என் வாழ்க்கையில் வந்தது இதுவே முதலும் கடைசியும். அடுத்த வருஷம் இந்தத் தெருவில் நடத்தக் கூடாது என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இனி ரோட்டில் இறங்க மாட்டேன். சொந்த வீட்டை விட்டு ஓர் இரவுகூட வேறு இடத்தில் தங்குகிற உத்தேசம் எனக்கு இல்லை, அது எவ்வளவு நல்ல மாப்பிள்ளையின் வீடாக இருந்தாலும் சரி. என் வயதுக்கு அமைதிதான் அழகு. வேனைத் தயவுசெய்து ரத்து செய்யுங்கள்.

என் மகளைக் கண் கலங்காமல் வைத்திருங்கள். நீங்களும் ராத்திரி நேரத்தோடு தூங்குங்கள். எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

உங்கள் மாமியார்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் டாக்டர் வந்தார். சீசனின் இரண்டாவது ரேஸ் உங்கள் ஊரில், கடற்கரை ரோட்டில் நடக்கிறதாம். அங்கேயும் ஒரு வளைவில் வயர்லெஸ் எடுக்கவில்லையாம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், "அந்தத் திருப்பிச் சொல்லச் சொன்ன மேடம் வருவாங்களா?" என்று கேட்டாராம். டாக்டர் பதில் சொல்லும் முன் நான் வருவதாகச் சொல்லிவிட்டேன். மாநகராட்சிக்கான கடிதத்தையும் கிழித்துவிட்டேன். அடுத்த மாத முதல் வாரத்தில் டாக்டரின் காரில், அவர் மனைவியோடும் மச்சானோடும் வருகிறேன், கொடிகளை முன்கூட்டியே என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை கஞ்சி அளவாக. ரேஸ் முடியும் வரை உங்கள் வீட்டில் எனக்குத் தங்க இடம் உண்டா? அது முடிந்ததும் என் வீட்டுக்கே திரும்பிவிடுவேன். உண்டா இல்லையா என்பதை போனில் என் மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். உங்கள் கையால் எழுதித் தபாலில் அனுப்புங்கள்.